பிள்ளைகளின் பங்கைக் கேட்டு வாங்குவோம்

(ஹட்டனில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நமக்கு ஓய்வு. துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க இருக்கிற அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் வெறும் வாய்ப்பேச்சோடு உங்களை அனுப்பப் போவதில்லை. இன்றைக்குப் பேசப் போவது சம்பளத்தைப் பற்றி அல்ல. நம் பிள்ளைகளின் பேரில் அரசாங்கத்திடமிருந்து வர வேண்டிய பணத்தைப் பற்றி. அது யாருக்கு வருகிறது, யாருக்கு வராமல் போகிறது, ஏன் போகிறது என்பதைப் பற்றி.

ஒரு சகோதரியின் கதையில் தொடங்குகிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். 2022இல் அஸ்வெசும விண்ணப்பம் எழுதிய காலத்தில் அவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். லயத்தில் இருந்தவர் மாமனார் மட்டும். விவரம் கேட்டு வந்தவரிடம் அவர் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். "எல்லாம் ஒரே குடும்பந்தாங்க. மகனுங்க ரெண்டு பேரு, மருமகளுங்க ரெண்டு பேரு, நாலு பேரும் வேலைக்குப் போறாங்க. வீடு நம்ம வீடுதாங்க" என்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார். ஆனால் காகிதத்தில் அது எப்படி விழுந்தது? ஒரு குடும்பம், நான்கு சம்பளம், சொந்த வீடு. உண்மையில் அங்கே இருந்தது இரண்டு அடுப்பு, இரண்டு குடும்பம், ஐந்து பிள்ளைகள், தோட்டத்துக்குச் சொந்தமான ஒரு காம்பரா. பட்டியல் வந்தபோது அந்தச் சகோதரியின் பெயர் இல்லை. பக்கத்து லயத்துக்காரர் பேங்கில் பணம் எடுத்ததைப் பார்த்த பிறகுதான் அப்படி ஒரு பட்டியல் வந்ததே அவருக்குத் தெரிந்தது. அதற்குள் மேன்முறையீட்டுக்கான நாள் முடிந்துவிட்டது.

அவர் நம்மிடம் வந்தபோது ஒரு பொலித்தீன் பையில் எல்லாக் காகிதங்களையும் கொண்டுவந்தார். எடுத்துப் பார்த்தோம். அடையாள அட்டையில் ஒரு பெயர். மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறு எழுத்தில். பேங்க் புத்தகத்தில் மூன்றாவது எழுத்தில். ஒரே மனுசி, மூன்று பெயர். இந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும் என்று நமக்குத் தெரியும். லெட்சுமி, லச்சுமி, லக்ஷ்மி. நம் ஜனத்தின் தலையெழுத்தே எழுத்துப் பிழையாகத்தான் கிடக்கிறது.

இது பிச்சையா?

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நம்மில் சிலர், குறிப்பாக ஆண்கள், "உழைச்சுத் தின்னுற சாதி நாம. அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டுறதா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் ஒரு ரோசம் இருக்கிறது. அந்த ரோசத்தை மதிக்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

வெளிநாடுகளில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு வரியில் கழிவு கொடுக்கிறார்கள், அல்லது பணமாகக் கொடுக்கிறார்கள். கனடாவில் 2016 முதல் இருக்கும் பிள்ளைகள் கொடுப்பனவை அந்த நாட்டு வரி அலுவலகமே மாதாமாதம் அனுப்புகிறது. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. பெரும்பாலும் தாயின் பெயருக்கே போகிறது. அமெரிக்காவில் 2021இல் பிள்ளைகளுக்கான வரிக் கழிவைக் கூட்டி, அந்த ஆண்டின் பிற்பாதியில் மாதாமாதம் பணமாகவே கொடுத்தார்கள். வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லாத குடும்பங்களுக்கும் அது முழுதாகக் கிடைத்தது. அந்த ஆண்டு அங்கே வறுமையில் இருந்த பிள்ளைகள் 100க்கு 5 பேர் அளவுக்குக் குறைந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கூடுதல் நிறுத்தப்பட்டது. வறுமை 100க்கு 12 பேருக்கு மேல் ஏறிவிட்டது. பணம் வந்தால் பிள்ளை சாப்பிடுகிறது, நின்றால் பட்டினி கிடக்கிறது. பணக்கார நாட்டிலும் அப்படித்தான்.

இலங்கையில் பிள்ளைகளுக்கென்று அப்படி வரிக் கழிவு கிடையாது. இருந்தாலும் நமக்கு எட்டாது. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்குத்தான் வருமான வரி. 2025இல் நமக்கு நாளொன்றுக்கு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் இருந்தது. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750 ரூபா. ஆண்டுக்கு 4 லட்சத்துச் சொச்சம். மழை, பனி, கொழுந்து இல்லாத மாதம் எல்லாம் கழித்தால் இன்னும் குறைவு.

அப்படியானால் நாம் வரி கட்டாதவர்களா? கடைக்குப் போய்ச் சவர்க்காரம் வாங்குகிறோம். பற்பசை வாங்குகிறோம். பிள்ளைக்கு அப்பியாசக் கொப்பி, சப்பாத்து வாங்குகிறோம். போனுக்கு ரீலோட் போடுகிறோம். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி, வாட் என்று சொல்கிறோமே, அது 18 சதவீதம். 1,000 ரூபாப் பொருளுக்கு 180 ரூபா வரி சேர்ந்து 1,180 ஆகிறது. கொழும்பில் கார் வைத்திருப்பவருக்கும் லயத்தில் இருக்கும் நமக்கும் சவர்க்காரத்தில் ஒரே வரிதான். அதற்கும் மேலாக, 150 ஆண்டுக்கு மேல் இந்த மலைத் தேயிலை நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்திருக்கிறது. எனவே தோழர்களே, அரசாங்கம் நம் பிள்ளைக்குத் தருவது தருமம் அல்ல. நாம் கொடுத்ததில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. பங்கைக் கேட்பதில் வெட்கமில்லை.

என்ன இருக்கிறது?

இன்றைக்கு நம்மிடம் இருக்கும் பெரிய வழி அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வந்தது. சட்டம் வந்து 20 ஆண்டு சும்மா கிடந்தது. 2022இல் பொருளாதாரம் விழுந்த பிறகுதான் விண்ணப்பம் கேட்டார்கள். நாடு முழுவதும் 37 லட்சம் அளவிலான குடும்பங்கள் விண்ணப்பித்தன. 2023 ஜூலை முதல் பணம் கொடுக்கத் திட்டமிட்டார்கள். அப்போது ஒதுக்கிய இடம் 20 லட்சம் குடும்பங்களுக்குத்தான்.

குடும்பங்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். மிகவும் வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, நிலைமாறும் குடும்பத்துக்கு 2,500 என்று ஆரம்பித்தார்கள். கடைசி இரண்டு பிரிவும் காலவரையறையோடு வந்தவை. 2025 ஜனவரி முதல் 15,000 என்பது 17,500 ஆகவும், 8,500 என்பது 10,000 ஆகவும் கூட்டப்பட்டது.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மாதம் 10,000 என்றால் ஆண்டுக்கு 1,20,000. 2025இல் இருந்த நாளுக்கு 1,350 என்ற சம்பளத்தால் வகுத்தால் 89 நாள் பேர். ஆண்டில் 89 நாள் மலையேறாமலே கிடைக்கிற சம்பளம். 17,500 என்றால் 155 நாளுக்கும் மேல். சம்பளத்தில் 50 ரூபா கூட்ட நாம் எத்தனை நாள் பிரட்டுக் களத்தில் நின்றிருக்கிறோம், எத்தனை நாள் வேலையை நிறுத்தியிருக்கிறோம்! இந்த 89 நாள் சம்பளத்தை ஒரு காகிதத்தில் விட்டுவிட்டு நிற்கிறோம்.

பட்டியலில் பெயர் இருப்பதால் வருவது மாதப் பணம் மட்டுமல்ல. 2025 பாடசாலை ஆண்டுக்கு அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபா கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத தாய்க்கு அந்த வழியும் அடைபட்டது. ஒரு கதவு மூடினால் அதற்குள் இருக்கும் காம்பராக்களும் மூடித்தான் இருக்கும்.

ஏன் விட்டுப்போனது?

குடும்பத்தைத் தெரிவு செய்ய 22 குறிகாட்டிகள் வைத்திருக்கிறார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கமாகப் பார்க்கிறார்கள். பதில்களுக்குப் புள்ளி போடுகிறது கணினி. அதற்கு லயம் தெரியாது. அந்திக் கொழுந்துக்கு நனைந்து வருவது தெரியாது. நீங்கள் சொன்ன பதில் மட்டுந்தான் தெரியும். நம் ஆட்கள் எங்கே தவறினார்கள் என்று கேட்டுப் பார்த்ததில் நான்கு இடம் தெரிந்தது.

முதலாவது, குடும்பம். ஒரு காம்பராவில் இரண்டு, மூன்று குடும்பம் இருக்கும். இலக்கமும் ஒன்றே, விலாசமும் ஒன்றே. தனியாகச் சமைத்து, தனியாகச் செலவு செய்து, தனியாகப் பிள்ளை வளர்த்தால் அது தனிக் குடும்பம். அதைத் தனியாக எழுதச் சொல்லிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, வீடு. "வீடு யாருடையது?" என்று கேட்டால் "நம்ம வீடு" என்கிறோம். நம் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம், மனதில் அது நம் வீடுதான். ஆனால் காணி உறுதி கையில் இருக்கிறதா? இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். முன்னால் மரக்கறி போட்டிருக்கும் துண்டு நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். அப்படியே சொல்லுங்கள்.

மூன்றாவது, வருமானம். "மாசம் எவ்வளவு வருது?" என்றால் நல்ல மாதத்துக் கணக்கைச் சொல்கிறோம். சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். ஒரு மாதச் சீட்டு அல்ல, 6 மாதம், 12 மாதச் சீட்டு. கையில் வந்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எத்தனை நாள் பேர் என்று அதில் இருக்கிறது. சீட்டைக் கிழித்து அடுப்பில் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

நான்காவது, நாம் வீட்டில் இல்லாதது. விவரம் எடுப்பவர் பகலில் வருகிறார். பகலில் நாம் மலையில். பதில் சொல்வது கிழவனும் சின்னப் பிள்ளையும். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கேயே கிடக்கிறது. சிங்களத்தில் இருக்கும் கடிதத்தைப் படிக்க ஆள் இல்லை. இதற்கு நாம் வெட்கப்பட வேண்டாம். 16ஆம் திருத்தம் வந்த 1988 முதல் தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பிலேயே உரிமை உண்டு. "தமிழ்ப் படிவம் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2022இல் இந்த வேலை நடந்தபோது நாமும் கவனிக்கவில்லை. சங்கம் என்றால் சம்பளம், கைநிறைக் கொழுந்து, துரையோடு பேச்சுவார்த்தை என்று மட்டும் நினைத்திருந்தோம். அஸ்வெசும கிராம சேவகர் வேலை என்று விட்டுவிட்டோம். அந்தச் சகோதரி பொலித்தீன் பையோடு வந்தபோதுதான் நமக்கு உறைத்தது. அந்தத் தவறு நம்முடையது. அதைத் திருத்தத்தான் இந்தக் கூட்டம்.

காகிதம் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

மற்ற ஊர்க்காரருக்குக் காகிதம் ஒரு வசதி. நமக்கு அது உயிர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நம் பாட்டன் பூட்டனை நாடற்றவர் ஆக்கியது. தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று காகிதத்தில் காட்டச் சொன்னார்கள். காம்பராவில் பிறந்தவனிடம் ஏது காகிதம்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஜனத்தை எண்ணிப் பங்கு போட்டது. எத்தனையோ குடும்பம் தலைமன்னார் வழியாகப் பிரிந்து போனது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நம்மில் பலர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தோம்.

பிரஜாவுரிமை வந்த பிறகும் அரசாங்கத்தின் சேவை தோட்டத்துக் கேட்டோடு நின்றது. 1995இல் சமுர்த்தி வந்தது. அது நமக்கு முழுமையாக வந்து சேரவில்லை. "தோட்டத்து ஆளுக்கு மாதச் சம்பளம் இருக்கிறதே" என்றார்கள். பிரதேச சபை தன் பணத்தில் தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டத்தில் வழி திறந்ததே 2018இல்தான். ஆக, நம் தாத்தாவிடம் கேட்ட அதே கேள்வியை இன்றைக்குப் பிரதேச செயலகத்தில் நம்மிடம் கேட்கிறார்கள்: "காகிதம் எங்கே?" இந்த முறை காட்ட வேண்டும்.

வயிற்றில் இருக்கும்போதே தொடங்குவோம்

பிள்ளையின் காகிதம் பிறப்புச் சான்றிதழில் தொடங்குவதில்லை. தாயின் கிளினிக் அட்டையில் தொடங்குகிறது. கர்ப்பம் தெரிந்த உடனே குடும்ப நல உத்தியோகத்தரிடம், நாம் மிட்வைஃப் என்கிறோமே, அவரிடம் பதியுங்கள். திரிபோஷவும் அவர் வழியாகத்தான் வருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவும் அந்தப் பதிவை வைத்துத்தான் கிடைக்கிறது. அது 2015இல் மாதம் 2,000 ரூபாவாக 10 மாதத்துக்கு ஆரம்பிக்கப்பட்டது. பிந்திப் பதிந்தால் மாதங்கள் குறையும்.

பிரசவச் சகாயம் தோட்டம் தர வேண்டியது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு விடுமுறை பாதிதான். 2018இல் சட்டம் திருந்தியது. எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்கும் தோட்டத்தில் தலா அரை மணி, இல்லாத தோட்டத்தில் தலா ஒரு மணி. "மூணாவது பிள்ளைக்குக் கிடையாது" என்று எந்தக் கணக்கப்பிள்ளையாவது சொன்னால் அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள்.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். 3 மாதத்துக்குள் செலவில்லை. அதற்கு மேல் போனால் அலைச்சல். ஆஸ்பத்திரியில் பிறந்தால் வீட்டுக்கு வரும் முன்னே அங்கேயே வேலையை முடியுங்கள். தோட்டத்தில் பிறந்தால் தோட்ட நிர்வாகத்துக்கு உடனே தெரிவியுங்கள். பெற்றோருக்குப் பதிவுத் திருமணம் இல்லாவிட்டாலும் பிள்ளையின் பிறப்பைப் பதியலாம். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். பதிவாளர் எழுதும்போது உங்கள் அடையாள அட்டையை மேசையில் வைத்து, அதில் உள்ள எழுத்தையே எழுதச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் பிற்காலத்தில் ஐந்து வருட அலைச்சலை மிச்சப்படுத்தும். பிழை ஏற்கெனவே நடந்திருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். பட்டியல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

15 வயதானதும் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுங்கள். 16 வயதுவரை கட்டாயக் கல்வி. அந்த வயதுக்குள் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பினால் சட்டப்படி குற்றம். அது மட்டுமல்ல, பிள்ளை பாடசாலையில் இருப்பதைக் காட்டும் காகிதமும் இல்லாமல் போகும்.

ஈ.டீ.எஃப்.பையும் மறக்க வேண்டாம். நம் பேரில் தோட்டம் 3 சதவீதம் கட்டுகிறது. அந்த நிதியச் சபை அங்கத்தவரின் பிள்ளைகளுக்கு 5ஆம் தரத்துக்கும் உயர்தரத்துக்கும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. பிள்ளை நல்ல புள்ளி எடுத்தால் ஆசிரியரிடம் கேட்டுப் படிவம் வாங்குங்கள்.

அம்மா வெளிநாட்டில் இருந்தால்?

நம் லயங்களில் இன்று நிறையப் பிள்ளைகள் அம்மாயி, அப்பாயி வளர்ப்பில் இருக்கின்றன. தாய் குவைத்திலோ சவூதியிலோ கொழும்பிலோ இருக்கிறார். பிள்ளை உண்மையில் யார் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறதோ அந்த வீட்டு விண்ணப்பத்தில் அதன் பெயர் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால் சிக்கல், ஓர் இடத்திலும் எழுதாமல் விட்டால் நட்டம். வளர்க்கும் பாட்டிமார் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கடிதம், தாயின் அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் வீட்டில் வைத்திருக்க வேண்டும். வெளிநாடு போகும் தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. பயணப் பையில் உங்கள் துணியோடு பிள்ளையின் சான்றிதழையும் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வது?

பட்டியல் வந்ததும் முதலில் போய்ப் பாருங்கள். பெயர் இல்லை என்றால், அல்லது உண்மையான நிலையைவிடக் குறைந்த பிரிவில் போட்டிருந்தால், மேன்முறையீடு செய்யலாம். அதற்கு நாள் குறித்திருப்பார்கள். 2023இல் மேன்முறையீட்டுக்கு ஜூலை 10 வரைதான் நேரம் கொடுத்தார்கள். ஆகவே பட்டியல் வருகிற வாரத்தில் யாராவது ஒருவர் ஒவ்வொரு லயமாகப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வேலை மாதர் சங்கத் தலைவிகளுடையது.

மேன்முறையீட்டில் அழுகை வேண்டாம். விவரம் எழுதுங்கள். எந்தப் பதில் தவறாகப் பதிவானது, உண்மை என்ன, அதற்கு எந்தக் காகிதம் சாட்சி என்ற மூன்றையும் எழுதினால் போதும். ஒரு பிரதி எடுத்துக் கையில் வையுங்கள். கொடுத்ததற்குத் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். விளங்காததைக் கேட்க 1924 என்ற இலக்கம் இருக்கிறது. அம்பகமுவயோ நோர்வூட்டோ தலவாக்கலையோ நுவரெலியாவோ, உங்கள் பிரதேச செயலகத்தில் அஸ்வெசும பிரிவு உத்தியோகத்தர் யார் என்று தெரிந்து வையுங்கள். ஒரு நாள் பேர் போகும்தான். 89 நாள் பேருக்காக ஒரு நாள் போகட்டும்.

பொய் சொல்ல வேண்டாம். இல்லாததைச் சொல்லவும் வேண்டாம், இருப்பதை மறைக்கவும் வேண்டாம். தகுதியில்லாதவர் பெயர் மேல் யாரும் ஆட்சேபனை கொடுக்கலாம். நம் உண்மையே போதிய அளவு கஷ்டமானது, அதில் சாயம் பூசத் தேவையில்லை.

சில கதைகளும் லயத்தில் நடமாடுகின்றன. "அஸ்வெசும எடுத்தா ஈ.பீ.எஃப். வெட்டிருவாங்க" என்று ஒரு கதை. அது நம் சேமிப்பு. நாம் 8 சதவீதம், தோட்டம் 12 சதவீதம் கட்டுவது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. "இன்னாருக்கு வோட்டுப் போட்டால்தான் பெயர் வரும்" என்று இன்னொரு கதை. நம்பாதீர்கள். பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நாம் செய்யப் போவது

முதலாவது, ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கொப்பி. பிள்ளை உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் அதில் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா, பேங்க் கணக்கு இருக்கிறதா, அஸ்வெசும வருகிறதா என்ற நான்கு கேள்விக்கும் பதில் இருக்கும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்ற கேள்வி அதில் இருக்காது. பசிக்கிற பிள்ளைக்குச் சங்கம் கிடையாது.

இரண்டாவது, உயர்தரம் படித்த நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மடத்திலோ உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவுவார்கள். அடுத்த முறை விவரம் எடுக்க வரும்போது வேலை விட்டு வரும் நேரத்தில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் வரும்படி பிரதேச செயலகங்களைக் கேட்போம்.

மூன்றாவது கோரிக்கை பெரியது. அஸ்வெசும குடும்பத்துக்கு ஒரே தொகை. ஒரு பிள்ளை இருந்தாலும் அதேதான், நான்கு பிள்ளை இருந்தாலும் அதேதான். ஒரு பாண் இறாத்தலை நான்காக வெட்டும் தாய்க்கு அது நியாயமில்லை. பிள்ளைக் கணக்குப் பார்த்துத் தொகை கூட வேண்டும், விலைவாசி ஏறும்போது தொகையும் ஏற வேண்டும் என்று கேட்கிறோம். லயத்தில் வாழும் குடும்பத்தைச் சொந்த வீட்டுக் குடும்பம் போல் எண்ணாத குறிகாட்டிகள் வேண்டும் என்றும் கேட்கிறோம்.

கேட்பதற்கு ஆதாரம் அரசாங்கத்தின் கணக்கிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமான, செலவுக் கணக்கெடுப்பில் நாட்டில் 100 பேரில் 14 பேர் வறுமையில் இருந்தார்கள். தோட்டங்களில் 100க்கு 34 பேர் அளவில் இருந்தார்கள். 2016ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17. தோட்டத்தில் 32. கிளினிக்கில் மிட்வைஃப் சுவரில் நிறுத்தி உயரம் அளக்கும்போது, அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பது நம் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று. அந்த வயதில் இழந்த உயரம் பிறகு எளிதில் திரும்பி வராது. இந்தப் பணம் அந்தப் பிள்ளையின் முட்டை, பால், பருப்பு.

அந்தச் சகோதரியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். 2024இல் மறுபடியும் விண்ணப்பம் கேட்டபோது அவரைத் தனிக் குடும்பமாக எழுதினோம். அதற்கு முன்னே மூத்த பிள்ளையின் சான்றிதழைத் திருத்தினோம். மூன்று முறை போய்வர வேண்டியிருந்தது. இப்போது பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் முதல் சுற்றில் போன மாதங்கள் போனவைதான், அந்தப் பணம் அவருக்கு வரவில்லை. சென்ற மாதம் அவரே அவர் லயத்தில் இன்னும் நான்கு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய பைகளோடு நம்மிடம் வந்தார். "எனக்குப் போனது போச்சு, இவங்களுக்குப் போகக் கூடாது" என்றார்.

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டியைத் திறந்து எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் பாயில் பரப்புங்கள். உங்கள் பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அது அந்தப் பிள்ளையின் பங்குதானே. அதுவே பார்க்கட்டும்.